பிறையைத் தேடத் தெரிந்த பிள்ளைகள்: வகுப்பறையில் நிலவைக் கற்றுத் தருவது எப்படி?

ஷஅபான் 29 மாலை வந்துவிட்டால் நம் வீடுகளில் எல்லோர் கையிலும் கைப்பேசிதான். "பிறை தெரிஞ்சுதா? எந்த ஊர்ல தெரிஞ்சுதாம்?" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருப்போம். மொட்டை மாடிக்கு ஏறி மேற்கு வானத்தைப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இதைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்குப் பிறை என்பது வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு செய்தி, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மக்தபில் மாலை ஓத வரும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் அறிவியல் வகுப்பு நடத்துகிறோம். நாங்கள் நான்கு பேர். இருவர் பள்ளி ஆசிரியைகள், ஒருவர் மக்தபின் உஸ்தாத், இன்னொருவர் பிள்ளையைக் கொண்டுவந்து விட வந்து அப்படியே எங்களோடு சேர்ந்துகொண்ட ஒரு தாய். நிலவைப் பற்றிய பாடத்தைத் தொடங்கிய நாளில் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "பெருநாள் பிறையை வரையுங்கள்" என்றோம்.

வந்த படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருந்தன. கறுப்பு வானம், உச்சியில் ஒரு பிறை, பிறையின் இரு கொம்புகளுக்கு நடுவில் ஒரு நட்சத்திரம். சில படங்களில் கீழே பள்ளிவாசல் மினாரா. ஒரு மாணவியிடம், "இந்த நட்சத்திரம் நிலவுக்கு முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா?" என்று கேட்டோம். "நடுவுல காலியாத்தானே இருக்கு மிஸ், அதுக்குள்ள இருக்கு" என்றாள்.

அங்கே காலி இடம் இல்லை, உருண்டையான நிலவின் இருண்ட பகுதி இருக்கிறது, அதற்குப் பின்னால் எந்த நட்சத்திரம் இருந்தாலும் மறைந்துவிடும் என்று சொன்னபோது வகுப்பே அமைதியானது. பெருநாள் பிறை நள்ளிரவில் உச்சி வானத்தில் நிற்காது, மஃரிபுக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் மேற்கே மறைந்துவிடும் என்பதும் அவர்களுக்குப் புதிதாக இருந்தது. குறை பிள்ளைகளிடம் இல்லை. வாழ்த்து அட்டைகளிலும் கடைப் பலகைகளிலும் அவர்கள் பார்த்து வந்தது அந்தப் படத்தைத்தான்.

அப்போதுதான் பின்வரிசையில் இருந்த ஒரு பையன் கேட்டான்: "எங்க வாப்பா சவூதியில இருக்காங்க மிஸ். போன வருஷம் அவங்களுக்கு ஒரு நாள் முன்னாடியே பெருநாள் வந்திருச்சு. நிலா ரெண்டா இருக்கு?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்வியை வீட்டில் கேட்கும் பிள்ளைக்கு நம்மில் பலர் என்ன பதில் சொல்கிறோம்? "சும்மா இரு, பெரியவங்க பார்த்துக்குவாங்க" என்போம். அல்லது அதை வைத்துப் பெரியவர்களே ஒரு விவாதத்தைத் தொடங்கிவிடுவோம். பிள்ளைக்கு விவாதம் மிஞ்சும், நிலவு மிஞ்சாது. "இதுக்கு இன்னிக்குப் பதில் சொல்ல மாட்டோம், ரெண்டு மாசம் கழிச்சு நீயே சொல்லுவே" என்று அவனிடம் சொல்லி வைத்தோம்.

ஒரு மாதம் வானத்தைப் பார்ப்பது

பந்து, விளக்கு எல்லாம் பிறகுதான். முதல் மாதம் முழுக்க ஒரே வேலை: தினமும் நிலவைப் பார்த்து நோட்டில் குறிப்பது. தேதி, நேரம், திசை, வடிவம், உயரம். உயரத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டியாக வைத்து, "ரெண்டு முஷ்டி உயரம்" என்று எழுதச் சொன்னோம். சிறுவர்களின் கை சிறியது, முஷ்டியும் சிறியது, அதனால் கணக்குப் பெரிதாக மாறாது.

தேதியைப் பிறைக் கணக்கிலேயே எழுதினோம். நம் பேச்சில் தேதிக்கே பிறை என்றுதானே பெயர்! "முஹர்ரம் பிறை 10" என்கிறோம். அந்தச் சொல்லுக்கும் வானத்தில் தெரிவதற்கும் உள்ள தொடர்பு ஒரே மாதத்தில் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது. பிறை 2, 3-ல் மஃரிபுக்குப் பின் மேற்கே தாழ்வாக ஒரு கீற்று. பிறை 7 அளவில் அதே நேரத்தில் பாதி நிலவு தலைக்கு மேல். பிறை 14-ல் சூரியன் மேற்கே இறங்கும்போது கிழக்கே முழு நிலவு ஏறுகிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். பிறை 17, 18-ல் பிள்ளைகளின் நோட்டில் "நிலா வரலை", "நிலா இல்லை" என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் திருத்தவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு சிறுமி மூச்சிரைக்க ஓடி வந்தாள். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது மேற்கே வெளிறிப்போன நிலவைப் பார்த்தாளாம். "பகல்ல எப்படி நிலா தெரியும்?" என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் எல்லோரும் பார்த்தார்கள். வாப்பாவோடு ஃபஜ்ருக்குப் போகிற பிள்ளைகள் பிறை 26, 27-ல் கிழக்கே தேய்பிறைக் கீற்றைக் கண்டுவந்து சொன்னார்கள். ஒளி விழுந்த பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையைப் பார்த்தே இருக்கிறது என்பதை இரண்டு கீற்றுகளையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த ஒரு பையனே கண்டுபிடித்தான்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகங்களில் பிறை அடைப்புக்குறி போல நின்றுகொண்டிருக்கும். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் இங்கே பிறை சாய்ந்துதான் தெரியும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தோணி போல மல்லாந்து கிடக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் நன்றாகச் சரிந்திருக்கும். எந்தக் கொம்பு உயர்ந்திருக்கிறது என்று பார்த்து மழையும் விலைவாசியும் சொல்லும் வழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. உண்மையில், சூரியனும் நிலவும் செல்லும் பாதை அடிவானத்தோடு சேரும் கோணம் பருவத்துக்குப் பருவம் மாறுவதுதான் காரணம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். நாங்கள் முதல் தடவை அந்தத் தவறைச் செய்து, பாதி நோட்டு "மேகம், மேகம்" என்றே நிரம்பியது. ஜனவரிக்குப் பின் தொடங்குவது நல்லது. இருகண் நோக்கி வைத்திருப்பவர்கள் சூரியன் முழுவதும் மறையும் வரை அதைப் பிள்ளைகள் கையில் தரவே கூடாது. ஒரு கணம் சூரியனில் பட்டாலும் கண் போய்விடும்.

ஒரு விளக்கு, ஒரு பந்து, ஒரு தலை

வடிவம் ஏன் மாறுகிறது? பூமியின் நிழல் நிலவின் மேல் விழுவதால் என்று வகுப்பில் பாதிப் பேர் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், எங்கள் நால்வரில் இருவரும் இந்தப் பாடத்தைத் தயாரிக்கும் வரை அப்படித்தான் நினைத்திருந்தோம்.

இதை வாயால் விளக்கிப் பயனில்லை. ஜன்னல்களைத் துணியால் மூடி அறையை இருட்டாக்குங்கள். நடுவில் மூடி இல்லாத ஒரே ஒரு எல்இடி பல்பு, பிள்ளைகளின் தலை உயரத்தில். அது சூரியன். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பென்சிலில் குத்திய ஒரு தெர்மாகோல் பந்து. அது நிலவு. பிள்ளையின் தலைதான் பூமி. எலுமிச்சம்பழத்தில் செய்து பார்த்தோம், தோல் பளபளப்பதால் நிழல் எல்லை சரியாகத் தெரியவில்லை.

பந்தைக் கை நீட்டிப் பிடித்து விளக்கைப் பார்த்து நின்றால் பந்தின் நம் பக்கம் இருட்டு. அமாவாசை. அப்படியே மெதுவாக இடப்பக்கம் திரும்பினால் பந்தின் வலது ஓரத்தில் மெல்லிய கீற்று விழும். அந்த நொடியில் இருட்டில் எழுந்த "பிறை! பிறை!" என்ற சத்தம் பக்கத்துத் தெரு வரை கேட்டிருக்கும். கால் சுற்றில் பாதி நிலவு, விளக்குக்கு முதுகு காட்டும்போது முழு நிலவு, மேலும் திரும்பினால் இடது பக்கம் மட்டும் ஒளிரும் தேய்பிறை. பந்தில் பாதி எப்போதும் வெளிச்சமாகத்தான் இருக்கிறது, அதில் எவ்வளவு நம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே மாறுகிறது. இதைக் கை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது.

இதில் ஒரு கண்ணி உண்டு. விளக்குக்கு முதுகு காட்டும்போது பந்தைத் தலை உயரத்திலேயே பிடித்தால் தலையின் நிழல் பந்தின் மேல் விழும். "பார்த்தீங்களா, நிழல்தான்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதைத் தவறு என்று கடந்துபோகாமல் அங்கேயே நின்று பேசுங்கள். அதுதான் சந்திர கிரகணம். பிறகு பந்தைத் தலைக்கு மேலே கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள், நிழல் விலகி முழு நிலவு தெரியும். நிலவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான மாதங்களில் முழு நிலவு இப்படித்தான் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிவிடுகிறது. 2025 செப்டம்பர் 7 இரவு முழுக் கிரகணம் வந்தபோது எங்கள் பிள்ளைகளில் சிலர் பெற்றோரோடு மாடியில் விழித்திருந்தார்கள். வளைந்த நிழல் ஓரத்தில் ஏறி, நிலவு செம்பு நிறமானதைப் பார்த்தவர்களுக்குக் கிரகணம் வேறு, பிறை வேறு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொன்னோம். தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய 12 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச் சாலையின் நிறம்தான் அதன் நிறம், சுற்றிலும் இருட்டாக இருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிலவின் ஒளியைப் பற்றித் தனி நூலும், நிலவின் முகத்தில் தெரியும் கறைகளைப் பற்றி இன்னொரு நூலும் எழுதியிருக்கிறார். அவர் பெயரைப் பெருமைக்காக மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், அவர் கேட்ட கேள்வியைப் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும்: நிலவு கண்ணாடி போல ஒளியைத் திருப்புகிறதா, சுவர் போலவா? கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியையும் ஒரு வெள்ளைத் தாளையும் கொடுத்தால் போதும், பதில் தானே வரும்.

கால்பந்தும் டென்னிஸ் பந்தும்

இது பத்து நிமிட வேலை. கால்பந்து பூமி என்றால் டென்னிஸ் பந்து ஏறக்குறைய நிலவு. பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர், நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். "நிலவை எவ்வளவு தூரத்தில் வைக்கணும்?" என்று கேட்டால் பிள்ளைகள் ஒரு முழம், இரண்டு முழம் என்பார்கள். சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர், அதாவது 30 பூமிகளை வரிசையாக அடுக்கும் தூரம். இந்த அளவில் ஆறரை மீட்டருக்கு மேல் வரும். எங்கள் வகுப்பறை போதாமல் டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு ஒருவன் வாசலைத் தாண்டி வராந்தாவுக்குப் போனான். சூரியனையும் வைக்க வேண்டும் என்றால் 24 மீட்டர் அகலமுள்ள பந்தை இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும். எங்கள் கணக்கில் அது ஊர் எல்லையைத் தாண்டி ரயில்வே கேட் பக்கம் போய்விட்டது.

மாவில் விழுந்த கோலிகள்

தட்டில் மாவைப் பரப்பி, மேலே வேறு நிறத் தூளை மெல்லத் தூவி, கோலிக் குண்டை மேலிருந்து போட்டால் நிலவின் பள்ளங்கள் போலவே வரும். அடியிலுள்ள வெள்ளை மாவு கதிர்கள் போலத் தெறித்து விழும். பாடத்திட்டங்களில் இது பழைய பயிற்சிதான். ஆனால் சாப்பிடுகிற மாவைத் தரையில் கொட்டுவதா என்று ஒரு பிள்ளையின் உம்மும்மா கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. மாவு மில்லில் போய்ச் சொன்னோம். தினமும் கூட்டி அள்ளுகிற மாவை ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார்கள். மேலே தூவ செங்கல் தூள். மிளகாய்த்தூள் வேண்டாம், கண்ணில் பட்டால் வகுப்பு அன்றோடு முடிந்தது.

ஒரே குண்டை அரை முழம், ஒரு முழம், இரண்டு முழ உயரத்திலிருந்து போட்டுப் பள்ளத்தின் அகலத்தை ஸ்கேலால் அளந்து எழுதினால் வேகத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள உறவு பிள்ளைகளுக்கே புரியும். நிலவில் மோதிய பாறைகள் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து வெடித்துச் சிதறியவை என்ற வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள். காற்றும் மழையும் இல்லாததால் அந்தப் பள்ளங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அழியாமல் இருக்கின்றன.

அந்தப் பள்ளங்களுக்குப் பெயர்கள் உண்டு. நிலவின் நடுப்பகுதிக்குச் சற்றுத் தெற்கே மூன்று பெரும் பள்ளங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று அர்சாகெல். அந்தலூஸில் வாழ்ந்த அஸ்-ஸர்காலியின் பெயர்தான் இலத்தீனில் அப்படித் திரிந்தது. அருகிலேயே அல்பதேக்னியஸ், அதாவது அல்-பத்தானி. கிழக்கு விளிம்போரம் அல்ஹாசன், நாம் மேலே சொன்ன இப்னுல் ஹைதம். பிறை 8 வாக்கில் சிறிய தொலைநோக்கியில் அர்சாகெலைப் பார்க்கலாம். அல்-பிரூனியும் அல்-குவாரிஸ்மியும் நமக்குத் தெரியாத மறுபக்கத்தில் இருக்கிறார்கள். "அப்போ அவங்களை எப்பவுமே பார்க்க முடியாதா?" என்று ஒரு பிள்ளை வருத்தப்பட்டாள். ஒருத்தியை நாற்காலியில் உட்காரவைத்து, மற்றொருத்தியை அவளுக்கு முகம் காட்டியபடியே சுற்றி நடக்கச் சொன்னோம். ஒரு சுற்று முடிவதற்குள் நடந்தவள் தானும் ஒரு முறை முழுதாகத் திரும்பியிருந்தாள். நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது அப்படித்தான்.

நிலவின் மேட்டு நிலங்களில் இருக்கும் அனார்த்தோசைட் வகைப் பாறை நம் நாமக்கல் மாவட்டத்திலும் இருக்கிறது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளைப் பொடியாக்கித்தான் சந்திரயான்-2 சோதனைகளுக்குச் செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ தயாரித்தது. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 அன்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி பிடித்திருந்தது.

இருபத்தொன்பதா, முப்பதா?

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். அரை நாளை நாட்காட்டியில் எழுத முடியாது. அதனால்தான் மாதம் சில நேரம் 29, சில நேரம் 30. புளியங்கொட்டைகளை 12 கிண்ணங்களில் 29, 30 என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கூட்டச் சொன்னோம். 354 வந்தது. 365-லிருந்து கழித்தால் 11. ரமளான் ஒவ்வோர் ஆண்டும் அத்தனை நாள் முன்னால் வருவதற்கு இதுவே கணக்கு.

வீட்டுப்பாடம்: உம்மும்மாவிடமோ வாப்புச்சாவிடமோ, "நீங்க முதன்முதலா நோன்பு வச்சப்போ வெயில் காலமா, மழைக்காலமா?" என்று கேட்டு எழுதி வருவது. நாங்கள் கொடுத்ததிலேயே பிள்ளைகள் அதிகம் எழுதி வந்தது இதைத்தான். 1983-ல் ஜூன் முற்பாதியில் தொடங்கிய ரமளான், மறுபடி அதே இடத்துக்கு வந்தது 2016-ல். முப்பத்து மூன்று ஆண்டுகள். 2030-ல் ஜனவரியில் ஒரு ரமளானும் டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமளானும் தொடங்கும் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவுடன், தங்களுக்கு அப்போது என்ன வயது என்று ஆளாளுக்கு விரல் விட்டு எண்ணினார்கள்.

அந்தப் பையனின் கேள்வி

இரண்டு மாதம் முடிந்தது. மறுபடி விளக்கையும் பந்தையும் எடுத்து அவனை முன்னால் அழைத்தோம். அமாவாசைக்குப் பிறகு நிலவு சூரியனைவிட்டு ஒரு நாளைக்குச் சுமார் 12 பாகை விலகுகிறது. ஒரு மணி நேரத்துக்கு அரைப் பாகை, ஏறத்தாழ நிலவின் அகலம் அளவு. விலகல் சுமார் 7 பாகைக்குக் குறைவாக இருந்தால் பிறையே தெரியாது. வெறுங்கண்ணுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும், ஒரு முஷ்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மக்காவில் சூரியன் மறைவது நமக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான்.

எந்த ஊரின் பிறையை யார் பின்பற்றுவது என்பது மார்க்க அறிஞர்களின் துறை. அதில் எங்கள் வகுப்பு கருத்துச் சொல்வதில்லை. உஸ்தாத் அதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் வானத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு பிள்ளை தெரிந்துகொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

பையன் பந்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பந்தை நூல் அளவு நகர்த்திப் பார்த்தான். அன்று இரவு அவன் தன் வாப்பாவிடம் பேசியதை அவனுடைய உம்மா மறுநாள் எங்களிடம் வந்து சொன்னார்: "வாப்பா, நிலா ஒண்ணுதான். நமக்குச் சூரியன் மறையுறப்போ அது ரொம்பப் பக்கத்துல இருந்தா இங்க தெரியாது. உங்க ஊர்ல மறையுறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். அதனால உங்களுக்குத் தெரியலாம். அடுத்த தடவை நீங்க மாடிக்குப் போய்ப் பாருங்க, நானும் இங்க பார்க்குறேன்."